அறிவின் பிடி தளரும்போது: சர்ரியலிசம் – ஓர் எளிய அறிமுகம்

சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தின் பெயரைக் கேட்டதும் பலருடைய நினைவில் முதலில் எழுவது, மரக்கிளை ஒன்றில் ஈரத் துணிபோலத் துவண்டு தொங்கும் கடிகாரம்தான். ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடோர் டாலி 1931-இல் தீட்டிய ‘நினைவின் நீடிப்பு’ என்னும் அந்த ஓவியம் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சுப் படங்களிலும் சுவரொட்டிகளிலும் மட்டுமே அதைப் பார்த்தவர்களுக்கு அதன் உண்மையான அளவு வியப்பளிக்கும். 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம், பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அளவுக்கு மேல் இராது. இவ்வளவு சிறிய படம் இவ்வளவு பெரிய புகழைப் பெற்றதில் ஓர் இடரும் இருக்கிறது. விசித்திரமாக எதைக் கண்டாலும் அதைச் சர்ரியலிசம் என்று அழைத்துவிடும் பழக்கம் அதனாலேயே வேரூன்றிவிட்டது.

சர்ரியலிசத்தை ஒரு தோற்றமாகக் கருதுவதைவிட ஒரு வேலைமுறையாகக் கருதினால்தான், அது நவீனக் கலையை எவ்வாறு மாற்றியது என்பது விளங்கும் என்று நான் நினைக்கிறேன். பின்னால் வந்த ஓவியர்கள் உருகும் கடிகாரங்களை அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிவின் கண்காணிப்பிலிருந்து கையை விடுவிப்பதற்கு இந்த இயக்கத்தார் கண்டுபிடித்த வழிகளைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழிகள் எவை, எப்படித் தோன்றின, யார் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதையே இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

முதலில் சொல்லைப் பற்றி. பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்பொலினேர் 1917-இல் ஒரு பாலே நிகழ்ச்சிக்கு எழுதிய குறிப்பிலும், தம் நாடகம் ஒன்றின் துணைத்தலைப்பிலும் இச்சொல்லைப் பயன்படுத்தினார். பிரெஞ்சு மொழியில் ‘சுர்’ என்ற முன்னொட்டுக்கு ‘மேல்’ என்று பொருள். ஆகவே யதார்த்தத்துக்கு மேலே, அதைக் கடந்து இருப்பது என்று கொள்ளலாம். தமிழில் ‘மிகை யதார்த்தம்’ என்று எழுதுவோர் உண்டு. அது மிகைப்படுத்துதல் என்ற பொருளைத் தந்துவிடுவதால், ‘மீயதார்த்தம்’ என்பதே நெருக்கமான ஆக்கமாக எனக்குப் படுகிறது. ஆயினும் சர்ரியலிசம் என்ற வடிவமே வாசகர்களிடையே பழகியிருப்பதால் இங்கு அதையே கையாள்கிறேன்.

சொல்லைத் தந்தவர் அப்பொலினேர். அதை ஓர் இயக்கமாக்கியவர் ஆந்த்ரே பிரெத்தோன். 1896-இல் பிறந்த அவர் மருத்துவ மாணவராக இருந்தபோதே முதலாம் உலகப் போருக்கு அழைக்கப்பட்டு, 1916-இல் சாந்திசியே நகரின் மனநல மருத்துவ மையத்தில் பணியாற்றினார். போர்முனையில் மனம் சிதைந்து வந்த வீரர்களை அங்கே அவர் நாள்தோறும் சந்தித்தார். அவர்களுள் ஒருவர், போர் என்பதே ஒரு நாடகம், வெடிக்கும் குண்டுகள் போலி, காயங்கள் வெறும் ஒப்பனை என்று உறுதியாக நம்பினார். லட்சக்கணக்கான இளைஞர்களை அகழிகளுக்குள் அனுப்பிக் கொன்றுகொண்டிருந்த உலகம் தன்னைப் பகுத்தறிவுள்ளது என்று சொல்லிக்கொண்டது. அந்தப் போரை நம்ப மறுத்தவர் பைத்தியம் எனப்பட்டார். பகுத்தறிவின் மீது பிரெத்தோனும் அவருடைய நண்பர்களும் பிற்காலத்தில் கொண்ட ஆழ்ந்த ஐயத்தை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள இயலாது. அதே ஆண்டில் சூரிச் நகரில் தோன்றிய தாதா (Dada) என்னும் கலை இயக்கமும் இந்தக் கோபத்தில் பிறந்ததுதான். ஆனால் தாதா எல்லாவற்றையும் மறுப்பதோடு நின்றது. பிரெத்தோன் மறுத்ததற்குப் பதிலாக வேறொன்றைத் தேடினார்.

அவர் தேடியது உளப்பகுப்பாய்வை நிறுவிய மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் பேசிய நனவிலி மனத்தில், அதாவது நாம் அறியாமலே நமக்குள் இயங்கும் மனப்பகுதியில், இருந்தது. கனவில் நாம் பிறந்த வீட்டின் கூடத்தில் கடல் அலை அடிக்கும். இறந்துபோன பாட்டி காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பார். நமக்கோ அதில் எந்த வியப்பும் தோன்றாது. விழித்த பிறகுதான் ‘இது எப்படிச் சாத்தியம்’ என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் காவல்காரர் உறங்கும் வேளையில் மனம் என்னென்ன செய்கிறது என்பதே பிரெத்தோனின் ஆர்வம். பிராய்டுக்கோ கனவு நோயைப் புரிந்துகொள்வதற்கான தடயம். அதைப் பிரித்துப் பொருள் காண வேண்டும். பிரெத்தோனுக்குக் கனவின் பொருளைவிடக் கனவு படிமங்களை உண்டாக்கும் ஆற்றலே முக்கியம். 1921-இல் வியன்னாவுக்குச் சென்று பிராய்டைச் சந்தித்த அவர் ஏமாற்றத்துடன் திரும்பியதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1919-இல் பிரெத்தோனும் கவிஞர் பிலிப் சூப்போவும் ஒரு சோதனையில் இறங்கினார்கள். எதைப் பற்றி எழுதுவது என்று தீர்மானிக்காமல், எழுதியதைத் திரும்பிப் படிக்காமல், திருத்தாமல், கை ஓடும் வேகத்துக்கு எழுதிக்கொண்டே போவது என்பது விதி. ‘தன்னியக்க எழுத்து’ என்று பெயர் பெற்ற இம்முறையில் விளைந்தவை ‘காந்தப் புலங்கள்’ என்ற நூலாயின. 1924 அக்டோபரில் வெளியான சர்ரியலிச அறிக்கையில் பிரெத்தோன் இயக்கத்துக்கு வகுத்த இலக்கணமும் இதையே அடிப்படையாகக் கொண்டது: அறிவின் கட்டுப்பாடோ அழகு, அறம் பற்றிய கவலையோ இன்றி, எண்ணம் உண்மையில் இயங்கும் விதத்தை அப்படியே வெளிப்படுத்துவது. உருகும் கடிகாரம் அந்த இலக்கணத்தில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஓவியர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. எழுதுபவர் வேகமாக எழுதிக் காவல்காரரை ஏமாற்றிவிடலாம். ஓவியருக்கோ வண்ணம் குழைக்க வேண்டும், காய விட வேண்டும், தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதற்குள் காவல்காரர் விழித்துக்கொள்வார். 1925-இல் இயக்கத்தின் இதழிலேயே பியேர் நவீல் என்பவர், சர்ரியலிச ஓவியம் என்று ஒன்று கிடையாது என்று எழுதினார். நியாயமான ஆட்சேபம்தான். அதற்கு ஓவியர்கள் தந்த பதில்களே நவீனக் கலைக்குக் கிடைத்த பெரும் செல்வம்.

ஆந்த்ரே மாஸோன் முதல் உலகப் போரில் படுகாயமுற்றுப் பிழைத்தவர். அவர் மையெழுதுகோலைத் தாளில் எந்த நோக்கமும் இல்லாமல் அலையவிட்டார். பின்னிக்கொண்ட கோடுகளுக்கிடையில் ஒரு கை, ஒரு மீன், ஒரு மார்பு என உருவங்கள் தாமாகத் தலைகாட்டின. வண்ணத்துக்குத் தாவும்போது வேகம் குறைந்துவிடுகிறது என்பதை உணர்ந்த அவர், 1926-27 காலத்தில் கேன்வாஸைக் கிடையாக வைத்துப் பசையை ஊற்றி, அதன்மேல் மணலைத் தூவி உதறினார். பசை இருந்த இடத்தில் மணல் ஒட்டியது. அந்தத் திட்டுகளைப் பார்த்துச் சில கோடுகளை மட்டும் சேர்த்தார்.

மாக்ஸ் எர்ன்ஸ்ட் கண்ட வழி இன்னும் எளியது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1925 ஆகஸ்டில் பிரான்சின் கடலோர ஊரான போர்னிக்கில் ஒரு விடுதியில் அவர் தங்கியிருந்தபோது, பலமுறை தேய்த்துக் கழுவியதால் நரம்புகள் துருத்திக்கொண்டிருந்த மரப்பலகைத் தரை அவர் பார்வையை விடாமல் இழுத்தது. அவர் தாள்களைத் தரைமேல் போட்டுக் பென்சில் கரியால் உரசினார். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சிங்கத்தலையை வரவழைக்கும் விளையாட்டை நாம் எல்லோரும் சிறுவயதில் விளையாடியிருக்கிறோம், அதே செயல்தான். எர்ன்ஸ்ட் ஒரு படி மேலே சென்றார். பலகையின் ரேகைகள் தாளில் பதிந்ததும் அவற்றைப் பலகை என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவற்றுள் காடுகளையும் கடல்களையும் பறவைகளையும் கண்டார். இலை, சாக்குத்துணி, நூற்கண்டு என்று கையில் கிடைத்த எல்லாவற்றின் மேலும் தாளை வைத்து உரசினார். ‘ஃப்ரொத்தாஜ்’, அதாவது உரசல், என்று அழைக்கப்படும் இம்முறையில் உருவான படங்களின் தொகுப்பு 1926-இல் ‘இயற்கை வரலாறு’ என்ற தலைப்பில் வெளியாயிற்று. கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் அதில் மலைகளும் போர்க்களங்களும் தெரியும் என்று லியோனார்டோ டாவின்சி எழுதி வைத்திருந்ததை எர்ன்ஸ்ட் தமக்கு முன்னோடியாகச் சுட்டுகிறார். ஓவியர் ஒன்றைப் படைப்பவர் என்ற நிலையிலிருந்து, தன் கண்முன் பிறப்பதைக் கவனிக்கும் பார்வையாளர் என்ற நிலைக்கு நகர்ந்தது இந்தத் தருணத்தில்தான் என்று சொல்வேன்.

குழுவாகச் செய்த சோதனைகளும் உண்டு. ஒரு தாளை மடித்து, ஒருவர் தலையை வரைந்து மறைத்துவிட, அடுத்தவர் உடலையும் மற்றவர் கால்களையும் வரைவார்கள். விரித்துப் பார்க்கும்போது எவரும் திட்டமிடாத ஓர் உருவம் நிற்கும். இதைச் சொற்களால் விளையாடியபோது கிடைத்த முதல் வாக்கியங்களுள் ஒன்றில் ‘நேர்த்தியான பிணம்’ என்ற தொடர் வந்ததால், விளையாட்டுக்கே அப்பெயர் நிலைத்தது. இன்றும் கலைக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களின் தயக்கத்தைப் போக்க இது பயன்படுகிறது.

இதுவரை சொன்னது ஒரு பாதை. இரண்டாவது பாதை முற்றிலும் எதிர்த் திசையில் செல்வது போலத் தோன்றும். கையைக் கட்டவிழ்ப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பொருளையும் பாடநூல் படம்போலத் துல்லியமாக வரைந்து, ஆனால் சேரக் கூடாத பொருள்களைச் சேர்த்து வைப்பது. இதன் வேர் லோத்ரேயமோன் என்ற புனைபெயரில் எழுதி 24 வயதில் மறைந்த ஒரு கவிஞரின் உவமையில் இருக்கிறது. அறுவை மேசையின் மேல் தையல் இயந்திரமும் குடையும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதைப் போன்ற அழகு என்று அவர் எழுதினார். தையல் இயந்திரம், குடை, மேசை மூன்றுமே நாம் அறிந்தவை. அவற்றின் சந்திப்புதான் நம்மை நிலைகுலைய வைக்கிறது. ஓவியத்தில் இதை முன்பே செய்தவர் இத்தாலியரான ஜார்ஜியோ தே கிரிகோ. 1914-இல் அவர் தீட்டிய ‘காதல் பாடல்’ என்ற படத்தில் பழங்காலச் சிலையின் தலை ஒன்றும், ரப்பர் கையுறை ஒன்றும் சுவரில் மாட்டப்பட்டிருக்க, கீழே ஒரு பச்சைப் பந்து கிடக்கிறது. அதன் அச்சுப் பிரதியைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாகப் பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மாக்ரித் சுவர்த்தாள் வடிவமைப்பாளராகவும் விளம்பர ஓவியராகவும் வேலை பார்த்தவர். அவர் படங்களில் தூரிகையின் ஆரவாரம் இல்லை; கடைப் பலகையை எழுதுவதுபோல் அமைதியாக வரைந்தார். 1929-இல் அவர் ஒரு சுங்கானை, அதாவது புகைபிடிக்கும் குழாயை, பிசகில்லாமல் வரைந்து, அதன் கீழே பள்ளிக்கூடக் கையெழுத்தில் ‘இது சுங்கான் அல்ல’ என்று எழுதினார். முதலில் முரணாகத் தோன்றும்; சற்று யோசித்தால் அது முழு உண்மை. அதில் புகையிலையைத் திணிக்க முடியாது, பற்ற வைக்க முடியாது. அது சுங்கானின் படம் மட்டுமே. பொருள், அதன் படம், அதன் பெயர் ஆகிய மூன்றையும் நாம் எவ்வளவு கவனமின்றி ஒன்றாகக் கருதிவிடுகிறோம் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. பொருளைவிடக் கருத்தையே படைப்பாகக் கொள்ளும் கருத்துருவக் கலை என்று பிற்காலத்தில் வளர்ந்த போக்கின் விதைகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. மாக்ரித்தை நேரில் அறிந்த பெல்ஜியக் கலைஞர் மார்செல் ப்ரூதேர்ஸ் 1972-இல் டுசல்டோர்ஃப் நகரில் கழுகு உருவம் கொண்ட நூற்றுக்கணக்கான பொருள்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்து, அவற்றுக்கு ‘இது கலைப்படைப்பு அல்ல’ என்று சீட்டு இட்டார். மாக்ரித் படத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியை அவர் அருங்காட்சியகத்தின் அதிகாரத்தை நோக்கித் திருப்பினார்.

நம் நாட்டோடு தொட்டுக்கொள்ளும் ஒரு தகவலையும் இங்கே சொல்லலாம். கரிய மேலங்கியும் வட்டத் தொப்பியும் அணிந்த ஆண்கள் மழைத்துளிகள்போல வானம் முழுதும் நிற்கும் மாக்ரித்தின் 1953-ஆம் ஆண்டு ஓவியத்துக்குப் பெயர் ‘கோல்கொண்டா’. வைரங்களுக்குப் பெயர்போன நம் கோல்கொண்டாதான் அது. பெயரைத் தந்தவர் அவருடைய கவிஞர் நண்பர் லூயி ஸ்குத்நேர். படத்துக்கும் பெயருக்கும் நேரடித் தொடர்பு தேடினால் கிடைக்காது. தையல் இயந்திரமும் குடையும் போல அவையும் சந்தித்துக்கொள்கின்றன.

டாலியும் இந்த இரண்டாம் பாதையைச் சேர்ந்தவரே. அவருடைய கைத்திறன் மறுக்க முடியாதது. தாம் வாழ்ந்த கட்டலோனியக் கடற்கரையின் பாறைகளை அவர் வரைந்த விதத்தில் ஆழ்ந்த அன்பு இருக்கிறது. ஆனால் அவருடைய மீசையும் விளம்பரங்களும் மேடைக் கூத்துகளும் சேர்ந்து, இயக்கத்தின் மற்ற முகங்களை மறைத்துவிட்டன. பிரெத்தோன் அவர் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து, ‘டாலர்களுக்கு ஏங்குபவர்’ என்று பொருள்படும் ஒரு பெயரை உண்டாக்கினார்.

பொருள்களை வைத்துச் செய்த படைப்புகளுள் தலைசிறந்தது மெரெட் ஓப்பன்ஹைமுடையது. 1936-இல் பாரிஸ் காப்பிக்கடை ஒன்றில் ஓவியர் பிக்காசோவோடும் புகைப்படக் கலைஞர் டோரா மாரோடும் பேசிக்கொண்டிருந்தபோது, ஓப்பன்ஹைம் கையில் அணிந்திருந்த மென்மயிர் பொதிந்த வளையலைப் பற்றிப் பேச்சு வந்தது. எதை வேண்டுமானாலும் மயிர்த்தோலால் மூடிவிடலாம் என்று பிக்காசோ சொல்ல, இந்தக் கோப்பையையும் தட்டையும்கூட என்றார் ஓப்பன்ஹைம். பிறகு கடையில் ஒரு கோப்பை, தட்டு, கரண்டி வாங்கி, அவற்றை மானினத் தோலால் உண்மையாகவே மூடினார். அப்போது அவருக்கு வயது 22. அந்தக் கோப்பையைக் கண்ணால் பார்க்கும்போதே உதட்டில் ஈரமான மயிர் படும் உணர்வு எழுகிறது. பார்வை வழியாக நாவை அருவருக்க வைத்த படைப்பு அதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அன்றாடப் பொருளைச் சிற்பமாக்கும் இன்றைய பழக்கத்துக்கு இக்கோப்பை நெருங்கிய மூதாதை.

ஓப்பன்ஹைமைப் பற்றிப் பேசும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மனித விடுதலையைப் பேசிய இந்த இயக்கம் பெண்களைப் பெரிதும் கனவுப் பொருளாகவும் காதலியாகவும்தான் பார்த்தது. ஆயினும் அதன் முறைகளை மிகச் சொந்தமாக்கிக்கொண்டவர்களுள் பெண்கள் பலர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்த லியோனோரா காரிங்டன், எர்ன்ஸ்டோடு தெற்கு பிரான்சில் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முகாமில் அடைக்கப்பட, ஸ்பெயினுக்குத் தப்பிய காரிங்டன் அங்கே மனநல விடுதியில் கொடுமையான சிகிச்சைக்கு ஆளானார். பின்னர் மெக்சிகோவில் குடியேறி, 2011-இல் இறக்கும்வரை ஓவியம் தீட்டினார். சமையலறையும் மந்திரமும் விலங்கும் ஒன்றாகும் அவருடைய உலகில் பெண் எவருடைய கனவுப் பொருளும் அல்ல. 2022-ஆம் ஆண்டு வெனிஸ் பியென்னாலே கண்காட்சி தன் தலைப்பை அவருடைய நூலிலிருந்தே எடுத்துக்கொண்டது. அதே மெக்சிகோவில் ஓவியர் ஃப்ரீடா காலோவை 1938-இல் சந்தித்த பிரெத்தோன் அவரைச் சர்ரியலிஸ்ட் என்று கொண்டாடினார். தாம் கனவை வரையவில்லை, தம் வாழ்வின் யதார்த்தத்தையே வரைவதாகக் காலோ மறுத்தார். அவருடைய மறுப்பை மதித்தே அவருடைய ஓவியங்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் இந்த இயக்கத்தைச் சிதறடித்தது. அந்தச் சிதறலே அதை உலகெங்கும் விதைத்தது. 1941-இல் பிரெத்தோன் மார்செய் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அதே கப்பலில் கியூபா ஓவியர் விஃப்ரெதோ லாமும் இருந்தார். சீனத் தந்தைக்கும் ஆப்பிரிக்க வழிவந்த தாய்க்கும் பிறந்த அவர், தாயகம் திரும்பியதும் ‘காடு’ என்ற பேரோவியத்தை 1943-இல் முடித்தார். அதில் கரும்புத் தண்டுகளுக்கிடையே முகமூடி முகங்களோடு உடல்கள் நெருங்கி நிற்கின்றன. ஐரோப்பியர்களுக்கு நனவிலி மனத்தின் காடாகத் தெரிந்தது, லாமுக்கு அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்தின் நினைவு.

மாஸோன், எர்ன்ஸ்ட், பிரெத்தோன் ஆகியோர் நியூயார்க் சேர்ந்தபோது அங்கே இளம் அமெரிக்க ஓவியர்கள் புதுவழி தேடிக்கொண்டிருந்தார்கள். சிலி நாட்டவரான ரொபெர்த்தோ மத்தா அவர்களைத் தம் ஓவியக்கூடத்துக்கு அழைத்துத் தன்னியக்க முறையைக் கற்பித்தார். அவர்களுள் ராபர்ட் மதர்வெல்லும் ஜாக்சன் போலாக்கும் இருந்தனர். எர்ன்ஸ்டை மணந்திருந்த கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் 1942-இல் திறந்த காட்சிக்கூடத்தில்தான் 1943-இல் போலாக்கின் முதல் தனிக்கண்காட்சி நடந்தது. 1947 முதல் போலாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடி வண்ணத்தைச் சொட்டவும் ஓடவும் விட்டார். அந்தப் படங்களில் கனவுக் காட்சி எதுவும் கிடையாது. ஆனால் திட்டமின்றி ஓடும் கோட்டை நம்பலாம் என்ற துணிவு அதில் இருக்கிறது. மாஸோன் இருபது ஆண்டுகளுக்கு முன் பசையையும் மணலையும் கொண்டு தொடங்கியதை, உருவங்களை முற்றிலும் கைவிட்டுப் போலாக் பேரளவில் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இதே காலத்தில் நடந்த மற்றொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலேயரான ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927-இல் பாரிஸில் தொடங்கி, பின்னர் ‘அத்தலியே 17’ என்று பெயர் பெற்ற அச்சுக்கலைக் கூடத்தில் ஸ்பெயின் ஓவியர் மிரோ, எர்ன்ஸ்ட், மாஸோன் ஆகியோர் வேலை செய்தார்கள். செப்புத் தகட்டில் கோடு செதுக்குவது, முன்பே வரைந்த படத்தை நகலெடுக்கும் கைவினையாகவே நெடுங்காலம் இருந்தது. ஹேட்டர் செதுக்குளியை நிலையாகப் பிடித்துக்கொண்டு தகட்டைச் சுழற்றி, கோடு தான் போக விரும்பும் இடத்துக்குப் போகவிட்டார். போர்க்காலத்தில் இக்கூடம் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தபோது போலாக்கும் அங்கே அச்சுப் படங்கள் செய்தார். 1950-இல் அது மீண்டும் பாரிஸ் திரும்பியது. சித்தூர்ப் பகுதியில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி, அதற்குப் பின் அங்கே சென்று சேர்ந்து, காலப்போக்கில் ஹேட்டரோடு அதன் இணை இயக்குநரானார். எண்ணெயின் அளவு வேறுபடும் மைகளையும் மென்மை வேறுபடும் உருளைகளையும் கொண்டு, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே முறையில் அச்சிடும் உத்தியை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய அச்சுகளில் அலையும் விதையும் நீர்ச்சுழியும் தகட்டின் பள்ளங்களிலிருந்து எழுந்து வருகின்றன. எந்த மை எங்கே ஒட்டும், எங்கே விலகும் என்பதில் ஒரு பங்கை அவர் தகட்டிடமே விட்டிருந்தார்.